அத்தானின் அட்டை இலக்கம்

மட்டக்களப்பு
14.09.1995

அன்புள்ள புஸ்பம் அக்காவுக்கும் அத்தானுக்கும்,

அரியமலர் எழுதுவது. மாமாங்கேஸ்வரர் புண்ணியத்தில் நானும் சின்னம்மாவும் சுகமாக இருக்கிறோம். சின்னம்மாவுக்கு முழங்கால் மட்டும் மடங்காது என்கிறது. மடத்துச் சமையலறையில் விடியமுன்னே போய் நிற்கிற கால்தானே. உங்கள் இருவரின் சுகத்துக்கும் எழுதுங்கள்.

உங்கள் பக்கமிருந்து பாலம் தாண்டித் தயிர் கொண்டு வருகிற சின்னத்தங்கம் மாமி நேற்று வாசலில் நின்று சொன்னார், உங்களுக்கு நாலு மாதம் என்று. எனக்குச் சந்தோசத்தில் ஒன்றும் பேச வரவில்லை. மாமி என்னைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, சந்தோசமான சேதி சொல்லியும் வாயைத் துறக்கிறாயில்ல!" என்றார். சிரித்தேன். அதற்கு மேல் தெரியவில்லை.

அக்கா, முந்தின பிள்ளையைப் போல இந்த முறை ஆகக் கூடாது. அன்றைக்குப் பாதை பூட்டியிருந்தது, உங்கள் பக்கம் மருத்துவிச்சியும் இல்லை. சின்னம்மா இரவு முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே எங்கள் வட்டாரத்தில் மாநகர சபையின் தாய்சேய் கிளினிக் ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமைகளில் திறப்பார்கள். உங்களை அங்கே பதிந்து அட்டை எடுத்துவிட்டால், அதைப் பாலத்து இராணுவச் சோதனையில் காட்டலாம். பொழுதுபடமுன் திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை எங்களோடு தங்கலாம்.

சின்னம்மாவுக்கு வேலை. ஆகவே நான்தான் போக வேண்டும். அத்தானின் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம் இரண்டும் கேட்பார்களாம். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

இதை ஒட்டாமல் மாமியிடம் தருகிறேன். ஒட்டினால் பாலத்தில் கிழித்துப் பார்ப்பார்களாம். யார் வாசித்தாலும் பரவாயில்லாததையே நாம் எழுதிக்கொள்ளலாம்.

உங்கள் வயிற்றுக்கும் ஒரு முத்தம்.
அரியம்


வவுணதீவு
27.09.1995

என் தங்கச்சி அரியத்துக்கு,

உன் கடிதம் தயிர் வாசத்தோடு வந்தது. நான் சுகம். நீயும் சின்னம்மாவும் சுகமாயிருக்க வேண்டும். சின்னம்மாவின் காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சிப் பூசு, சூடாக ஒத்தடமும் கொடு.

இங்கே வெயில் எரிக்கிறது. ஆற்றில் தண்ணீர் வற்றிக் கரை வெடித்துக் கிடக்கிறது. நான் சாப்பிடுகிறேன். சாப்பிட்டதும் எடுக்கிற சத்தி நின்றுவிட்டது. புளிக்குத்தான் மனம் போகிறது.

கிளினிக் அலுவலுக்கு நீ அலைய வேண்டாம். முன்பின் தெரியாத ஆட்கள் முன்னால் நிற்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட நீ பதில் சொல்வதில்லை, பக்கத்துப் பிள்ளைதான் சொல்லும். பள்ளிக்கூடம் பூட்டினபோது நீ அழவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது.

அத்தான் வயல் வட்டையில். விதைப்புக்கு முதல் வரம்பு கட்ட வேண்டும் என்று போயிருக்கிறார். பிறகு பார்ப்போம்.

சின்னம்மாவை மனம் நோகாமல் பார்த்துக்கொள்.
உன் அக்கா
புஸ்பம்


மட்டக்களப்பு
12.10.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். மழை இன்னும் தொடங்கவில்லை. உங்கள் கால் வீங்குகிறதா என்று எழுதுங்கள். சின்னம்மா கேட்கச் சொன்னார்.

வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். ஆனாலும் இன்று போனேன். கோபிக்கக் கூடாது.

கிளினிக் ஒரு சின்னக் கட்டடம். இரண்டு வாங்கு, ஒரு மேசை, ஒரு தராசு. வாங்கு முழுக்க வயிறும் கையுமாகப் பெண்கள். நான் கடைசியில் நின்றேன். மேசையில் இருந்த மருத்துவிச்சி மிசிக்குப் பெயர் றபீக்கா. ஏறாவூர் ஆள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் மனதுக்குள் ஒரு பாடம்போல் சொல்லிக்கொண்டு போயிருந்தேன்: 'என் அக்காவைப் பதிய வந்திருக்கிறேன்.' நாலு வார்த்தை. மேசைக்கு முன்னால் போனதும் நாலும் போய்விட்டன.

மிசி நிமிர்ந்து பார்க்கவேயில்லை. "பேர்?" என்றார். சொன்னேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது. "விலாசம்?" வீட்டுக்கான சோலைவரி கட்டிய துண்டை நீட்டினேன். வீட்டுக்காரரிடம் சின்னம்மா இரவல் வாங்கித் தந்தது. "கலியாணம் முடிச்சாச்சா?" உங்களைத்தான் கேட்கிறார் என்று தலையாட்டினேன். "எத்தின மாசம்?" ஐந்து விரல் காட்டினேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அல்லாவே, இந்த வயசிலயா!" என்று சொல்லிவிட்டு இரண்டு பொதி திரிபோசாச் சத்துமாவை என் கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தேன். தாயின் பெயர் என்ற இடத்தில் அரியமலர் என்று இருக்கிறது. வயது பதினாறு, முகத்தைப் பார்த்தே எழுதியிருக்கிறார். கர்ப்பம் ஐந்து மாதம்.

திரும்பிப் போய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. சின்னம்மாவுக்கும் சொல்லவில்லை. அட்டை அரிசிப் பானைக்குள் இருக்கிறது. மாவை மாமியிடம் கொடுத்து அனுப்புகிறேன். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள். அது உங்களுக்குக் கொடுத்ததுதான்.

பெயரைத் திருத்தும்போது அத்தானின் இலக்கம் இருந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். சென்ற கடிதத்தில் மறந்துவிட்டீர்கள்.

தலையைக் குனிந்துகொண்டு எழுதும்
அரியம்


வவுணதீவு
02.11.1995

என் தங்கச்சிக்கு,

நான் சுகம், பிள்ளையும் சுகம். நேற்று முதல்முறையாக உதைத்தது. கால் கொஞ்சம் வீக்கம்தான். சின்னம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்.

உன் கடிதத்தை வாசித்து நான் சிரித்த சிரிப்பில் அடுப்படிக் கோழி வெளியே ஓடியது. பல நாளைக்குப் பிறகு சிரித்தேன். பிறகு பயம் வந்தது. இந்தப் பகிடி ஊருக்குள் போனால் உனக்குப் பெயர் கெட்டுவிடும். போய்ச் சொல்லித் திருத்து. இல்லாவிட்டால் சின்னம்மாவை அனுப்பு.

மா கிடைத்தது. ஒரு பொதியைப் பாலத்தில் கம்பியால் குத்திப் பார்த்திருக்கிறார்கள். மாமி முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தார், பாதி வழியில் கொட்டிவிட்டது. மிச்சத்தைச் சாப்பிட்டேன். நல்ல ருசி.

அத்தான் விதைப்புக்காக வயல் வாடிக் குடிலில் தங்கியிருக்கிறார். வந்ததும் கேட்டு எழுதுகிறேன்.

உன்னை நினைத்தபடி
புஸ்பம்


மட்டக்களப்பு
16.11.1995

அன்புள்ள அக்காவுக்கு,

மழை பிடித்துவிட்டது. வீட்டுக்குள் மூன்று இடத்தில் ஒழுக்கு. சளியைத் தவிர எங்களுக்குக் குறையில்லை. உங்களுக்குக் குளிர் பிடிக்காமல் இருக்க வேண்டும்.

நான் போய்ச் சொல்லமுன் அவர்களே வந்துவிட்டார்கள். இரண்டு வியாழன் கிளினிக்குக்கு வராத தாய்மாரை மிசி வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். எனக்கு அது தெரியாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சைக்கிளை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு, "அரியமலர் எண்ட தாய் எந்த வீடு?" என்று சத்தமாகக் கேட்டார். கேட்டது யாரிடம் தெரியுமா? முன்வீட்டு ஆச்சிப்பிள்ளை மாமியிடம்.

"எங்கட அரியமா? தாயா? அடி ஆத்தே! வாயைத் துறக்காமலே வேலையை முடிச்சிட்டாளேகா!" என்று மாமி போட்ட சத்தத்தில் ஒழுங்கை முழுக்கத் தலைகள் எட்டிப் பார்த்தன. சின்னம்மா அப்போதுதான் வேலையால் வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தார். அகப்பை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத முடியாது அக்கா.

மிசி உள்ளே வந்து, "படு புள்ள, வயித்தைப் பாப்பம்" என்றார். அப்போது எனக்குள் என்ன வந்ததோ, "எனக்கில்ல மிசி! அக்காவுக்கு! வவுணதீவில இரிக்கிற என்ட அக்காவுக்கு! நான் பதிய வந்தது அவவை!" என்று கத்திவிட்டேன். ஒழுங்கைக்கே கேட்டிருக்கும். ஆச்சிப்பிள்ளை மாமி, "ஊமை எண்டல்லவா நினைச்சன்" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

மிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் ஏசினார். "அரசாங்க மாவை ஏமாத்தி வாங்கினயா?" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் தண்ணீர் கேட்டுக் குடித்தார். போகும்போது இதைச் சொன்னார்: "இது மாநகர சபைட கிளினிக். இந்த வட்டாரத்தில குடியிருக்கிற ஆக்களுக்குத்தான் அட்டை. அக்கா ஆத்துக்கு அங்கால இரிந்தா நான் எழுதேலா. இஞ்ச வந்து உங்களோட இரிக்கட்டும். விதானையாரிட்ட குடியிருப்புக் கடிதம் எடுங்க. மாப்பிள்ளைட பேர், அட்டை இலக்கம், கையெழுத்து வேணும். எட்டு மாசத்துக்குள்ள வரச் சொல்லுங்க. முதல் பிள்ளை தவறினது எண்டா நான் பாக்காம விடமாட்டன்."

ஆகவே வாருங்கள் அக்கா. அத்தானும் கூட வந்து கையெழுத்துப் போட்டால் நல்லது. அவர் இந்தப் பக்கம் வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கு வந்தவர்தான். சின்னம்மா அவருக்கு உடுக்க வாங்கி வைத்த சாரம் அப்படியே இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்
அரியம்


மட்டக்களப்பு
06.12.1995

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கிழமையாக உங்கள் பதில் இல்லை. வெள்ளம், பிறகு பாதை பூட்டு. பாலம் திறக்கிற அன்றைக்கெல்லாம் வாசலில் நின்று பார்த்தேன். நாங்கள் சுகம் என்று எழுதுகிறேன், ஆனால் சின்னம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நீங்கள் சுகமா என்பதைத்தான் இருவரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம்.

இன்று சின்னத்தங்கம் மாமி வந்தார். உங்களைப் பார்த்ததாகவும் வயிறு நன்றாகப் பெருத்திருப்பதாகவும் சொன்னார். வெள்ளத்தில் உங்கள் பயிர் அழிந்துவிட்டதா என்று கேட்டேன். "பயிரா? உங்கட அக்காட வயல் இந்த முறை விதைக்கவேயில்லையே புள்ள. புல்லு இடுப்பளவு நிக்கிது" என்றார். சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சும்மாட்டை எடுத்து உதறினார். இரண்டுமுறை உதறினார்.

நான் தயிர்ச் சட்டியைத் தூக்கி மாமியின் தலையில் வைத்தேன்.

சின்னம்மாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. சாரத்தை மட்டும் மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன், எலி கடிக்கும் என்று.

இலக்கத்தை இனிக் கேட்க மாட்டேன் அக்கா. நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

உங்கள்
அரியம்


வவுணதீவு
14.12.1995

அரியம்,

சுகம். உன் சுகத்தையும் சின்னம்மாவின் சுகத்தையும் கேட்டதாக வைத்துக்கொள். நீளமாக எழுத உட்கார முடியவில்லை, இடுப்பு நோகிறது.

என்னால் வர முடியாது. வீட்டைப் பூட்டிவிட்டு வரக் கூடாது. யாராவது எந்நேரமும் வரலாம். வருகிறபோது கதவு திறந்திருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்க வேண்டும்.

அந்தப் பாலத்தடியைத் தாண்டவும் எனக்கு மனமில்லை. ஏன் என்று கேளாதே.

பிள்ளை எங்கே பிறக்க வேண்டுமோ அங்கே பிறக்கட்டும்.

புஸ்பம்


மட்டக்களப்பு
28.12.1995

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இடுப்பு வலி எப்படி? இரவில் இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டுமாம். மிசி சொன்னார். சின்னம்மா சுகம். நானும்தான்.

உங்கள் கடிதத்தை எட்டாய் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். பிறகு கிராமசேவகர் அலுவலகத்துக்கு, விதானையாரிடம் போனேன். சின்னம்மா வருவதாகச் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன்.

விதானையார் வினாயகமூர்த்தி ஐயா, "உன்ட அக்கா எத்தின நாளா இஞ்ச இரிக்கிறா?" என்று கேட்டார். "இன்னும் வரல்ல ஐயா. வரப்போறா" என்றேன். "வந்த பிறகு வா, எழுதித் தாறன்" என்றார். "கடிதம் இருந்தாத்தான் பாலத்தால வரலாம். வந்தாத்தான் கடிதம் எண்டா, புள்ள பாலத்தில பிறக்கட்டுமா?" என்று கேட்டேன். அக்கா, இதை நான்தான் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஐயா பேனை மூடியைத் திறந்து, "இவ்வளவு நாளும் இந்த வாயை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார். 'சிறிய தாயாரின் பராமரிப்பில் வசிப்பவர்' என்று எழுதி முத்திரை குத்தித் தந்தார்.

அதைக் கொண்டு கிளினிக்குக்குப் போனேன். எல்லாரும் போகும்வரை வாங்கில் இருந்தேன். மிசி புதிய படிவத்தை எடுத்து உங்கள் பெயரை எழுதினார். தகப்பன் என்ற இடம் வந்ததும் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பழக்கம் அல்ல. சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது.

மிசி, "காலம் சென்றவர் எண்டு போடவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போடாதீங்க" என்றேன்.

"பிரிஞ்சிருக்கிறவர் எண்டு?"

"அப்பிடியும் போடாதீங்க."

மிசி பெரிய கொப்பியை என் பக்கம் திருப்பினார். இந்த வருசம் பதிந்த தாய்மார். பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். தகப்பனின் கையெழுத்து என்ற நிரலில் அங்கங்கே வெறுமை. எண்ணத் தொடங்கினேன், பிறகு விட்டுவிட்டேன். "எல்லாம் இந்த வட்டாரத்துப் புள்ளையள்தான்" என்றார். "அந்த இடத்தில நான் கோடு கீறுறதில்ல. கோடு கீறினா முடிஞ்ச கதை. சும்மா விட்டா, நாளைக்கும் எழுதலாம்."

உங்கள் படிவத்திலும் அப்படியே விட்டிருக்கிறது. யாராவது கேட்டால் அது மிசியின் பொறுப்பாம்.

வீட்டைப் பற்றி. சின்னத்தங்கம் மாமியிடம் கேட்டேன். நீங்கள் இங்கே இருக்கும் நாளெல்லாம் உங்கள் வீட்டில் வந்து படுக்கச் சம்மதித்தார். வாசல் படலையைக் கட்ட மாட்டார். ஒரு ஆளுக்குச் சோறு கூடுதலாகவே வைப்பாராம். யார் வந்தாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல ஒரு வாய் இருக்கும்.

நானாக யோசித்துச் செய்தேன். பிழை என்றால் ஏசுங்கள், ஆனால் வந்து ஏசுங்கள்.

அரியம்


வவுணதீவு
07.01.1996

என் அரியத்துக்கு,

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு இப்போது இரண்டு காலும் வீக்கம், செருப்பு ஏறாது. பிள்ளை இரவில்தான் விளையாடுகிறது.

மாமி வந்து எல்லாம் சொன்னார். நீ காலைப் பிடித்துக் கெஞ்சினாய் என்றார். அதை நீ எழுதவில்லை.

ஒன்று கேட்டுச் சொல். அந்தக் கொப்பியில் இடம் வெறுமையாக இருக்கிற பெண்களின் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் கொடுத்தார்களா? தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை என்று எழுதினார்களா? அப்படி எழுதுவதென்றால் நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். என் பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறார்.

புஸ்பம்


மட்டக்களப்பு
11.01.1996

அக்கா,

மாமி படலையில் நிற்கிறார். ஆகையால் சுகம் விசாரிப்பதெல்லாம் அடுத்ததில். ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்தேன். இன்று கிளினிக் நாள்தான்.

கலியாணப் பதிவுத் துண்டு இருந்தால் போதுமாம். தகப்பன் பெயர் முழுதாக வரும். கையெழுத்து வேறு, பெயர் வேறு என்று மிசி சொன்னார். "பேரை ஆரும் புடுங்கேலா எண்டு அக்காட்டச் சொல்லு" என்றார்.

கலியாணத் துண்டைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். இதோடு விதானையாரின் கடிதத்தையும் உங்கள் பெயரில் போட்ட கிளினிக் அட்டையையும் வைத்திருக்கிறேன். நனையாமல் பொலித்தீனில் சுற்றியிருக்கிறது.

அரியம்


வவுணதீவு
19.01.1996

என் தங்கச்சி அரியத்துக்கும் சின்னம்மாவுக்கும்,

பொங்கல் எப்படிப் போனது? இங்கே மாமி ஒரு சுண்டு அரிசி கொண்டு வந்து பொங்கினார். எங்கள் வயல் அரிசி இல்லாத பொங்கல். ஆனாலும் சாப்பிட்டேன், பிள்ளைக்காக.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியப் புறப்படுகிறேன். பாலம்வரை மாமி கூட வருவார், அதற்கு அங்கால நீ வந்து நில். சோதனையில் நான் அட்டையை நீட்டிக்கொண்டுதான் நிற்பேன், நீ பேசு. சின்னம்மாவுக்குக் கால் ஏலாது, அவர் வீட்டிலேயே இருக்கட்டும்.

இரண்டு பழைய சேலையும் கிழிசல் துணியும் கொண்டு வருகிறேன். கோழியை மாமிக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று போத்தல் நெய் இருக்கிறது, பாலத்தில் விட்டால் வரும்.

நான் பாலத்தைத் தாண்டமுன் மிசியிடம் ஒரு அலுவல் செய். படிவத்தில் தகப்பன் பெயரை இப்போதே எழுதச் சொல். நாகமணி இராசதுரை. விவசாயம். வயது முப்பத்தொன்று. ஆவணி ஏழாந் தேதி டவுனுக்கு என்று போனவர். அன்றைக்கும் இதே பாலத்தால்தான் போனார்.

யார் வாசித்தாலும் வாசிக்கட்டும்.

நீ கேட்ட இலக்கம் எனக்குத் தெரியாது அரியம். அட்டை அவருடைய சட்டைப் பையில் இருக்கிறது. அவர் வந்து சொல்லட்டும். கையெழுத்துக்கு இடம் விட்டு வை.

உன் அக்கா
புஸ்பம்